வழிமொழிகிறேன்

எங்கள் கல்லூரியில் ஒருவர் ஒன்றை முன்மொழிந்து, இன்னொருவர் அதை வழிமொழிந்துவிட்டால், அது அப்படியே ஆகிவிடும். கை தூக்குவது, ஓட்டுப் போடுவதெல்லாம் கிடையாது. இரண்டு பேர் போதும்.

முன்மொழிவது மாணவர் பேரவை சேர்மன் நவநீதனின் வேலை. வழிமொழிவது என் வேலை.

என் பெயர் மாசிலாமணி. மூன்றாம் ஆண்டு வேதியியல். அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. வழிமொழி எங்கே என்று கேட்டால் கேன்டீன் மாஸ்டர்கூடக் கை காட்டுவார். முதலாண்டில் பேரவைக் கூட்டம் ஒன்றில் எல்லோரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சீக்கிரம் முடிந்தால் பஸ்ஸைப் பிடிக்கலாமே என்று நான் எழுந்து அந்த ஒரு சொல்லைச் சொன்னேன். குரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதோடு என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, சுலபமான வேலைதான். முன்மொழிகிறவன் எழுந்து நின்று, அவையோரை வணங்கி, மூச்சுப் பிடித்துப் பேச வேண்டும். எனக்கு ஒரே ஒரு சொல். என்ன தீர்மானம் என்றுகூட நான் கேட்டதில்லை. பேச்சு நின்றதும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

கல்லூரி சின்னது. ஒரு பக்கம் கல்குவாரி, இன்னொரு பக்கம் கோழிப்பண்ணை. குவாரியில் வெடி வைத்தால் கரும்பலகையில் எழுதியது உதிர்ந்து விழும். கோழிப்பண்ணைப் பக்கம் காற்றடித்தால் வகுப்பை விட்டுவிடுவார்கள்.

நவநீதன் நல்ல மாதிரி. எதிரே வருகிற எல்லோரையும் மாப்ள என்று தோளில் கை போடுவான். நான் சேர்ந்தபோது அவன் மூன்றாம் ஆண்டு. இப்போதும் மூன்றாம் ஆண்டுதான். சேர்மன் நவநீதன் மூன்றாம் ஆண்டிலேயே இருக்க வேண்டும் என்று அவனே முன்மொழிந்தான். நான் வழிமொழிந்தேன். ஒவ்வொரு வருடமும் அவன் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுவான். எங்கள் கல்லூரிக்கு அது பெருமை. மற்ற கல்லூரிகளில் எல்லாம் தேர்தல் வந்தால் அடிதடி என்பார் முதல்வர். வாசலில் உள்ள பலகையில் வருடம் வருடமாக அவன் பெயர்தான் எழுதியிருக்கும். கடைசியாக எழுதிய பெயருக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

ஒரு தடவை, இந்த ஆண்டுக் கல்லூரி நாள் சிறப்பாக நடந்து முடிந்தது என்று நவநீதன் ஜூலை மாதமே முன்மொழிந்துவிட்டான். நான் வழிமொழிந்தேன். நாங்கள் வகுப்புக்குத் திரும்பியபோது வளாகம் முழுக்கக் கிழிந்த தோரணம் கிடந்தது. எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. என் கையில் ஒரு பரிசுக் கோப்பை இருந்தது. எந்தப் போட்டிக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு தடவை, கேன்டீனில் பஃப்ஸ் தீரக் கூடாது என்று தீர்மானம். அதன் பிறகு கடித்த பஃப்ஸ் தீருவதில்லை. முதலாண்டு வணிகவியலில் மிருதுளா என்று ஒரு பெண். ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்னால் ஒரு முட்டை பஃப்ஸ் வாங்கினாள். பொங்கல் தாண்டியும் அதையேதான் தின்றுகொண்டிருந்தாள். வயிறும் நிறையவில்லை. கீழே வைக்கவும் மனம் வரவில்லை.

பேரவை ஆலோசகர் சென்னிமலை சார் கதை அதைவிட மோசம். ஆலோசகர் கூட்டத்தில் எப்போதும் இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். அவர் அடிக்கடி லீவு போடுகிறார் என்ற கோபத்தில் கொண்டுவந்தது. அன்றிலிருந்து அவர் அரங்க மேடையிலேயே இருக்கிறார். எழ முடியவில்லை. அவர் மனைவி தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவந்து, ஊட்டிவிட்டுப் போவார். சார் தோளில் தூசி படிந்திருக்கும். விழா நாட்களில் விருந்தினருக்கு வாங்கிய மாலை மிஞ்சினால் அவர் கழுத்தில் போட்டுவிடுவோம்.

இதெல்லாம் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. தாழ்வாரம் நீண்ட பிறகுதான் உறுத்தியது.

கலைவிழாவில் வேதியியல்காரர்களும் வணிகவியல்காரர்களும் ஒரே பாட்டுக்கு ஆடப் பெயர் கொடுத்துவிட்டார்கள். நாற்காலி பறந்தது. இரண்டு துறைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்று நவநீதன் முன்மொழிந்தான். நான் வழக்கம்போல. மறுநாள் காலையில் வேதியியல் துறைக்கும் வணிகவியல் துறைக்கும் நடுவே இருந்த தாழ்வாரம் நீண்டிருந்தது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் தெரியவில்லை. ஒரு பீரியட் முழுக்க நடந்தால்தான் நடுவிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியே வரும். சுவரில் ஒரே அறிவிப்புதான் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கும். அமைதி காக்கவும்.

அந்தத் தொட்டியடியில்தான் கோகிலவாணியைப் பார்த்தேன். வணிகவியல், மூன்றாம் ஆண்டு. வழிமொழிந்தவனைத் திட்டுவதற்காகவே அங்கிருந்து நடந்து கிளம்பியிருக்கிறாள். பாதி வழியில் செருப்பு அறுந்துவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீதானா அந்த வழிமொழி?"

ஆமாம் என்றேன். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வந்தாளாம், இப்போது கால் வலிக்கிறதாம், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திட்டுகிறேன் என்றாள். சங்கிலியில் கட்டியிருந்த டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். குடித்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளி சாதம் கொடுத்தாள். அந்தப் பாக்ஸ் எவர்சில்வர். மூடியில் அவள் பெயர் வெட்டியிருந்தது, பாத்திரக் கடையில் வெட்டித் தருவார்களே, அந்தக் கோணல் எழுத்தில். சாப்பிட்டு முடித்த பிறகு திட்டினாள். ஒரு சொல் சொல்வதற்கு முன் அது என்ன சொல் என்று யோசிக்க மாட்டாயா என்றாள்.

அதன் பிறகு தினமும் மத்தியானம் அந்தப் பக்கத்திலிருந்து அவள் நடப்பாள். இந்தப் பக்கத்திலிருந்து நான் நடப்பேன். தொட்டியடியில் சாப்பிடுவோம். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? தாழ்வாரம் இன்னும் இரண்டு மடங்கு நீண்டாலும் நடந்திருப்பேன்.

அவளிடம் ஒரு குணம். யாரும் காத்திருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பஸ்ஸில் சில்லறைக்காக ஒரு கிழவர் கை நீட்டி நின்றால் இவள் கொடுத்துவிடுவாள். வரிசையில் பின்னால் நிற்கிறவர்களை முன்னால் விட்டுவிட்டு, கடைசியில் தனக்குச் சாப்பாடு இல்லை என்று வருவாள். மிருதுளா அந்த பஃப்ஸோடு அலைவதைப் பார்த்துவிட்டு, தன் சாப்பாட்டில் பாதியை அவளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். நாங்கள் மூன்று பேரானோம்.

ஒரு நாள் கோகிலவாணி, தான் சேர்மன் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னாள். ஏற்கெனவே ஒருவன் நிற்கிறானே என்றேன். அவன் நிற்கட்டும், நானும் நிற்கிறேன், ஒரு தடவை எண்ணித்தான் பார்ப்போமே என்றாள். ஜெயித்தால் தாழ்வாரத்தைச் சுருக்குவாளாம். சென்னிமலை சாரை வீட்டுக்கு அனுப்புவாளாம். மிருதுளாவின் பஃப்ஸைத் தீர்த்து வைப்பாளாம். அவ்வளவுதான் அவள் வாக்குறுதி.

அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். இரண்டாவது ஆள் என்று சொன்னதும் கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதுவரைக்கும் இரண்டாவது ஆள் வந்ததில்லையாம். பலகையில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவர உள்ளே போனார். திரும்பி வந்தபோது மீசை வெளுத்திருந்தது. இடம் இருக்கிறது என்றார், சிரமப்பட்டு உட்கார்ந்துகொண்டே. ஆனால் பெயரை ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும்.

மிருதுளா பஃப்ஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு முன்மொழிந்தாள். நான் வழிமொழிந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்துச் சொன்னேன். அந்தச் சொல் இத்தனை நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. கிளார்க் ஆகட்டும் என்றார். அவளும் வேட்பாளர் ஆகிவிட்டாள்.

வெளியே வந்தபோது கோழிப்பண்ணையில் சத்தமே இல்லை. அத்தனை கோழிகளும் வலைக்கு அருகில் வந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. பசியாக இருக்கும் என்றாள் கோகிலவாணி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் காலை கேன்டீனில் நவநீதன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். எனக்கு அவனே தோசை வாங்கி வைத்தான், சட்னி ஊற்றினான். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. கோகிலவாணி நல்ல பெண் என்றான். அவள் குடும்பத்தை விசாரித்தான். தேர்தல் என்றால் எண்ண வேண்டியிருக்கும், எண்ணினால் யாருக்காவது குறையும், குறைந்தால் மனம் வருத்தப்படும், நம் கல்லூரிக்கு அதெல்லாம் எதற்கு என்றான். பிறகு தோளில் கை போட்டான்.

"மத்தியானம் பேரவை கூடுது மாப்ள. ஒரே ஒரு தீர்மானந்தான். வழக்கம்போலச் சொல்லிரு."

"என்ன தீர்மானம்?"

அவன் கையை எடுத்துக்கொண்டான். உண்மையிலேயே வருத்தப்பட்டான் என்று நினைக்கிறேன்.

"அதெல்லாம் நீ எப்பக் கேட்டிருக்க?"

தோசை ஆறிப்போனது. தொட்டியடிக்கு நடந்தேன். கோகிலவாணி அங்கே செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். போக வேண்டாம் என்றேன். எங்காவது பஸ் ஏறிப் போய்விடு என்றேன். பேரவைக்கு வேட்பாளர் வராமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்புறம் நடந்தோம். அன்றைக்குத் தாழ்வாரம் சீக்கிரமாக முடிந்துவிட்டது.

எங்கள் பேரவைக்கு ஒரு விதி உண்டு. முன்மொழிந்தது வழிமொழியப்படாமல் இருக்கும்வரை கூட்டம் முடியாது. கதவும் திறக்காது. இதுவரை யாருக்கும் அந்த விதி நினைவுக்கு வந்ததில்லை. நான்தான் உடனுக்குடன் சொல்லிவிடுவேனே.

அரங்கம் நிரம்பியிருந்தது. மேடையில் சென்னிமலை சார், கழுத்தில் காய்ந்த மாலையோடு. கோகிலவாணி முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் மிருதுளா. தமிழ்த்தாய் வாழ்த்து பாடினோம். நவநீதன் மைக் முன்னால் வந்து எல்லோரையும் வணங்கினான். தனிப்பட்ட முறையில் தனக்கு யார் மேலும் வருத்தமில்லை என்று ஆரம்பித்தான். நம் கல்லூரியின் ஒற்றுமை பற்றிப் பேசினான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நமது கல்லூரியில் கோகிலவாணி என்று ஒருவர் இல்லை என முன்மொழிகிறேன்."

பேச்சு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் வாய் தானாகத் திறந்தது. பழக்கதோஷம். முதல் எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. நாக்கைக் கடித்தேன். இரத்தம் உப்புக் கரித்தது. அப்படியே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒருவன் எழுந்து கழிப்பறைக்குப் போகலாம் என்று திரும்பினான். கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. மற்ற சுவரைப் போலவே மஞ்சள் சுண்ணாம்பு அடித்திருந்தது. பழைய சுண்ணாம்பு. அவன் கொஞ்ச நேரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

காத்திருந்தோம். ஜன்னல்கள் மெல்ல மேலே ஏறின. முதலில் தலைக்கு மேலே போயின. பிறகு மின்விசிறிக்கு மேலே. வெயில் கூரையில் மட்டும் அடித்தது. தண்ணீர் கேன் காலியானது. குவாரியில் வெடி வைத்தார்கள். சத்தம் ரொம்பத் தூரத்திலிருந்து வந்தது.

வழிமொழியைச் சொல்லச் சொல்லுங்கள் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முதலில் கெஞ்சினார்கள். ஒரு சொல்தானே என்றார்கள். வேதியியல்காரர்கள், நம்ம துறை மானம் போகிறது என்றார்கள். ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்தான். நவநீதன் அவனை விலக்கிவிட்டு, கட்டாயப்படுத்தக் கூடாது, அவனே சொல்லுவான் என்றான். மேடையில் நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அவசரமே இல்லை. அவன் மூன்றாம் ஆண்டிலேயே இருப்பவன்.

மிருதுளாவின் பஃப்ஸ் கை மாறியது. ஒவ்வொருவராகக் கடித்தார்கள். கடைசி வரிசைவரை போய், குறையாமல் திரும்பி வந்தது. யாருக்கும் பசி அடங்கவில்லை. கடித்தவர்களுக்கெல்லாம் இன்னும் தாகம் எடுத்தது.

சென்னிமலை சார் என்னைக் கூப்பிட்டார். மேடையேறிக் குனிந்தேன். அவர் மேல் தூசி வாசம் அடித்தது.

"எனக்குப் பழகிருச்சு தம்பி. இந்தப் புள்ளைகளுக்குப் பழகாது."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கோகிலவாணி என் கையைப் பிடித்தாள். நான் சொல்லவே மாட்டேன், இந்த மண்டபமே இடிந்து விழட்டும் என்று அவள் காதில் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன். அத்தனை பேரும் அப்படியே காய்ந்து போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவள் இருந்தால் போதும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மிருதுளாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் உதடு வெடித்திருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பஃப்ஸ் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அப்புறம் அவளே சரிந்தாள்.

கோகிலவாணி எழுந்தாள். டிபன் பாக்ஸை என் மடியில் வைத்தாள்.

"கழுவி வை. தக்காளி, ஊறிருச்சுன்னா போகாது."

எழுந்து அவள் வாயைப் பொத்தப் பார்த்தேன். கால் மரத்துப் போயிருந்தது.

"வழிமொழிகிறேன்," என்றாள்.

அவள் குரல் என் குரலைவிட நன்றாக இருந்தது.

என் நாற்காலிக்கு அடுத்து மிருதுளாவின் நாற்காலி. நடுவில் இன்னொன்று இருப்பதற்கான இடம் இல்லை. மேடையோரம் அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளில் ஒன்று கூடுதலாக இருந்தது. சுவரில் கதவு இருந்தது. ஜன்னல்கள் இடுப்புயரத்துக்கு வந்துவிட்டன. காற்று வந்தது. யாரோ ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து மிருதுளா முகத்தில் தெளித்தார்கள். அவள் கண் விழித்து, ஒரு மடக்குக் குடித்தாள்.

எல்லோரும் கலகலவென்று பேசத் தொடங்கினார்கள். இன்றைக்கு என்ன கூட்டம் என்று ஒருவன் கேட்டான். நவநீதன் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு என்றார்கள். கை தட்டினார்கள். நவநீதன் கீழே இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். என்ன மாப்ள, முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. என் மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது. மூடியில் பெயர் இருந்தது. வெட்டிய எழுத்தைத் தீர்மானம் போட்டு அழிக்க முடியாது போலிருக்கிறது. கட்டைவிரலால் தடவிப் படித்தேன். திறந்து பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் சோறு ஒட்டியிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் பேரவையில் கடைசியாக நன்றியுரை, அதற்குப் பிறகு நாட்டுப்பண். நாட்டுப்பண் பாடி முடித்தால்தான் கூட்டம் முடிந்ததாகக் கணக்கு. பாடுகிறவர்கள் மேடைக்கு வந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே கேன்டீனில் டீ ஆற்றும் சத்தம் கேட்டது.

நான் மேடைக்கு ஏறி மைக்கைப் பிடித்தேன். நன்றியுரையை வழிமொழியத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து வழி விட்டார்கள்.

"கோகிலவாணி இருக்கிறாள் என முன்மொழிகிறேன்."

மைக் கீச்சென்றது. நான் முன்மொழிந்து அங்கே யாரும் கேட்டதில்லை. எனக்கே அந்தச் சொல் வாயில் சரியாக உட்காரவில்லை. ஆனால் செல்லும். சென்னிமலை சார், செல்லும் என்று தலையசைத்தார். மாலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்தது.

யார் வழிமொழிகிறீர்கள் என்று சார் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பழக்கம்தான். அவர்கள் மேல் தப்பில்லை. முன்மொழிந்தது முடிந்தால் என்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். பொறுமையாகக் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அத்தனை வருடமும் தானாக வந்த சொல். இந்த ஒரு தடவைக்காகவே அதைச் சேர்த்து வைத்திருக்கலாம் என்று தோன்றியது. சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

"முன்மொழிந்தவரே வழிமொழிய முடியாது தம்பி," என்றார் சென்னிமலை சார்.

கதவு சாத்திக்கொண்டது. யாரும் சாத்தவில்லை. பிறகு அது மஞ்சளாக ஆரம்பித்தது.

நான் அவர்களிடம் பேசினேன். கோகிலவாணி யார் என்று சொன்னேன். வணிகவியல் என்றேன், செருப்பைத் தானே தைத்துக்கொள்வாள் என்றேன், தக்காளி சாதம் என்றேன். டிபன் பாக்ஸைத் தூக்கிக் காட்டினேன். வணிகவியல்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி யாரும் இல்லையே என்றார்கள். தெரியாத ஆளை எப்படி வழிமொழிவது என்று ஒருவன் நியாயமாகக் கேட்டான். தெரியாததை எல்லாம் நான் மூன்று வருடமாக வழிமொழிந்திருக்கிறேன், கஷ்டமே இல்லை, ஒரே ஒரு சொல் என்றேன். அவன் யோசித்தான். அது உன் வேலைதானே என்றான்.

ஜன்னல்கள் கிளம்பின. நவநீதன் மேடைக்கு அருகில் வந்து, விடு மாப்ள, பசிக்கிறது என்றான். அவன் நெற்றியில் வியர்வை. நீயே சொல்லேன் என்றேன். அவன் சொல்லவில்லை. யாரென்றே தெரியாத ஒருத்திக்கு எதற்காக இவ்வளவு பயப்படுகிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை போலிருக்கிறது. கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

பஃப்ஸ் மறுபடியும் கை மாறத் தொடங்கியது. என்னிடமும் வந்தது. ஒரு கடி கடித்தேன். முட்டை ஆறியிருந்தது. அடுத்தவனிடம் கொடுத்தேன்.

முன்வரிசையில் மிருதுளா எழுந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இவள் வாயால்தான் கோகிலவாணி பெயர் முதலில் முன்மொழியப்பட்டது. இவள் சாப்பிட்டது அவள் சோறு. இவளுக்காகத்தான் அவள் போனாள். ஏதாவது ஒரு மூலையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். அரங்கமே அவளைப் பார்த்தது.

"தண்ணி வேணுங்ண்ணா," என்றாள்.

ஒரு மடக்கு போதவில்லையாம். நாக்கு ஒட்டுகிறதாம். அவள் உதடு மறுபடியும் வெடித்திருந்தது. யாராவது வழிமொழிந்தால் கதவு திறக்கும், கதவு திறந்தால் தண்ணீர் வரும் என்றேன். நவநீதன் பேசியது போலவே மெதுவாகப் பேசினேன். அவசரம் இல்லாமல். அவள் சரிங்ண்ணா என்று சொல்லி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

யாரும் எழவில்லை. நான் முகம் முகமாகப் பார்த்தேன். ஒரு பெண் தண்ணீரில்லாமல் சரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்கள் யாராவது ஒருவர் இருந்தால் போதும். கோகிலவாணி இங்கே இருந்திருந்தால் இந்நேரம் வழிமொழிந்திருப்பாள்.

டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தேன். சோறு காய்ந்து ஒட்டிவிட்டது. மைக்கைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் முன்மொழிந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.